3 முறை நாடுகடத்தப்பட்ட திருடர் ஆஸ்திரேலியாவின் முதல் அகராதியை எழுதியது எப்படி? யார் இந்த ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ்?

ஆஸ்திரேலியாவில் கேம்பிங் சாமான் விற்கும் கடைக்குப் போய் 'ஸ்வாக்' வேணும் என்று கேட்டால், சுருட்டிக் கட்டிய கேன்வாஸ் படுக்கை ஒன்றை எடுத்து முன்னால் வைப்பார்கள். நம்ம ஊர் பசங்க கெத்துக்குச் சொல்லும் 'ஸ்வாக்' வேற, இது வேற. காட்டுப் பக்கம் தங்கப் போகிறவர்கள் எடுத்துச் செல்லும் படுக்கை மூட்டை அது.

ஆனால் 200 வருஷத்துக்கு முன்னாடி லண்டன் தெருக்களில் இதே சொல்லுக்கு வேறு வாசனை. மூட்டை, பொட்டலம், சுருட்டிக்கொண்டு வந்த துணிமணி என எல்லாவற்றையும் திருடர்கள் தங்களுக்குள் 'ஸ்வாக்' என்றார்கள். திருட்டு மூட்டை எப்படி டூர் மூட்டையாக மாறியது?

அதைத் தெரிந்துகொள்ள ஒரு கைதியின் வாழ்க்கைக்குள் போக வேண்டும். பெயர் ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ். பிக்பாக்கெட், நகைக்கடைத் திருடர், மோசடிப் பேர்வழி. இங்கிலாந்தும் அயர்லாந்தும் சேர்ந்து அவரை 3 முறை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றின. அதே மனுஷன்தான் ஆஸ்திரேலிய மண்ணில் தொகுக்கப்பட்ட முதல் ஆங்கில அகராதியையும் எழுதினார். எழுதியது திருடர்களின் ரகசிய பாஷை பற்றி. யாருக்காக எழுதினார் தெரியுமா? திருடர்களுக்குத் தண்டனை கொடுக்கும் மாஜிஸ்திரேட்டுக்காக!

பட்லர் வீட்டுப் பிள்ளை

வாக்ஸ் பிறந்தது 1782-ல், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள ஈஸ்ட் கிளாண்டன் கிராமத்தில். அப்பா, பணக்கார எம்.பி. ஒருவரின் வீட்டில் பட்லர். அம்மா வழியில் தாத்தா சட்டத் துறையில் இருந்தவர். பையன் வளர்ந்தது பெரும்பாலும் தாத்தா, பாட்டியிடம்தான். நல்ல படிப்பு கிடைத்தது. எல்லாவற்றையும் விட, கையெழுத்து நன்றாக இருந்தது.

இந்தக் கையெழுத்து விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கை முழுக்க அவரைக் காப்பாற்றியதும் அதுதான், பலமுறை கவிழ்த்துவிட்டதும் அதுதான்.

14 வயதில் லிவர்பூல் நகரில் ஒரு துணிக்கடையில் தொழில் பழக அனுப்பினார்கள். கெட்ட சகவாசமும் கைநீளமும் சேர்ந்துகொள்ள, அங்கே தாக்குப்பிடிக்கவில்லை. லண்டன் வந்தார். அங்கும் இங்கும் கிளார்க் வேலை. சம்பளம் பத்தவில்லை என்பதை விட, ஆசை அதிகம் என்பதுதான் சரி. முதலாளிகளை ஏமாற்றுவதில் தொடங்கி, தெருவில் அடுத்தவர் பாக்கெட்டுக்குள் கைவிடுவது வரை போனார்.

11 பென்ஸ் கைக்குட்டைக்கு 7 வருஷம்

1800 செப்டம்பரில், லண்டனின் புகழ்பெற்ற ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் வாக்ஸ் நிறுத்தப்பட்டார். குற்றம்: ஒரு கைக்குட்டையைத் திருடியது. அதன் மதிப்பு 11 பென்ஸ் என்று குறிக்கப்பட்டது.

ஏன் சரியாக 11? அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்து சட்டப்படி, ஒருவர் உடம்பிலிருந்து அவருக்கே தெரியாமல் 12 பென்ஸ், அதாவது 1 ஷில்லிங் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. 1808 வரை இந்தச் சட்டம் இருந்தது. ஒரு கைக்குட்டைக்காக ஆளைத் தூக்கில் போட மனசு வராத ஜூரிகள், பொருளின் மதிப்பை வேண்டுமென்றே குறைத்துப் போடுவது அன்றைக்குச் சகஜம். ஒரு பென்ஸ் வித்தியாசம், ஒரு உயிர்.

வாக்ஸுக்கு 7 வருஷம் நாடுகடத்தல். 'மினோர்கா' என்ற கப்பலில் ஏற்றப்பட்டு, 1801 டிசம்பரில் சிட்னியில் இறங்கினார். அப்போது வயது 19.

சிட்னி அப்போது ஊரே அல்ல, திறந்தவெளிச் சிறை. 1788-ல்தான் பிரிட்டிஷ்காரர்கள் அங்கே கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கைதிக்கு அங்கே ஏக கிராக்கி. மற்றவர்கள் மரம் வெட்டவும் கல் உடைக்கவும் போக, வாக்ஸ் ஹாக்ஸ்பரி பகுதி அரசுக் கிட்டங்கியில் கணக்கு எழுதப் போனார். பிறகு சிட்னியிலேயே அரசு அலுவலகத்தில் எழுத்தர்.

சும்மா இருந்தாரா? கிட்டங்கியில் சாமான் எடுப்பதற்கான உத்தரவுகளில் கவர்னர் கிங்கின் இனிஷியலைத் தானே போட்டுக்கொண்டார் என்று குற்றச்சாட்டு வந்தது. எழுத்தர் வேலை போச்சு. சாலை போடும் கைதிகள் கூட்டத்தில் தள்ளப்பட்டார். அப்புறம் கொஞ்ச நாளில் மறுபடியும் பேனா பிடிக்கும் வேலை. இந்த முறை பரமட்டாவில், பாதிரியாரும் மாஜிஸ்திரேட்டுமான சாமுவேல் மார்ஸ்டனிடம்.

கோர்ட்டில் ஆங்கிலத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளர்!

இங்கேதான் அந்தத் திருட்டு பாஷை உள்ளே வருகிறது.

லண்டன் திருடர்கள் பேசிய பாஷைக்கு 'ஃபிளாஷ்' என்று பெயர். இலக்கணம் எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் முக்கியமான சொற்கள் மட்டும் மாறியிருக்கும். போலீஸுக்கு ஒரு சொல், பணத்துக்கு ஒரு சொல், திருட்டுப் பொருளுக்கு ஒரு சொல். பக்கத்தில் நிற்கிறவருக்குக் காதில் விழும், புரியாது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த குழூஉக்குறிதான் இது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துப் பேசுவது. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்று சொல்வதைத்தான் நம் இலக்கண நூல்கள் உதாரணம் காட்டும்.

இந்த ஃபிளாஷ் பாஷை கைதிகளோடு சேர்ந்து கப்பலேறி சிட்னி வந்துவிட்டது. முதல் கப்பல்களில் வந்த ராணுவ அதிகாரி வாட்கின் டென்ச், 1793-ல் வெளியான தன் புத்தகத்தில் இதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறார். சாட்சி சொல்வதையும் கைதி சொல்வதையும் புரிந்துகொள்ள, கோர்ட்டில் அடிக்கடி ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதாம். நீதிபதிக்கும் ஆங்கிலம், கைதிக்கும் ஆங்கிலம், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்!

இது வேடிக்கை மட்டும் இல்லை. பாஷை புரியாத நீதிபதி கொடுக்கும் தண்டனை கசையடியாகவும் இருக்கலாம், தூக்காகவும் இருக்கலாம். கைதிக்கோ அந்தப் பாஷைதான் கையில் மிச்சம் இருந்த ஒரே மறைவிடம்.

கவர்னரோடு ஊர் திரும்பினார்... பாதியில் முறைத்துக்கொண்டார்

1807-ல் கவர்னர் கிங் பதவி முடிந்து இங்கிலாந்து கிளம்பினார். மார்ஸ்டனும் அதே 'பஃபலோ' கப்பலில் பயணம். கப்பலில் கிங்கின் குறிப்பேடுகளை எழுதவும், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லவும் ஆள் வேண்டும். யார்? வாக்ஸ்தான். கவர்னர் இனிஷியலைப் போலியாகப் போட்டதாக மாட்டிய அதே ஆள், அதே கவர்னருக்கு எழுத்தராக ஊர் திரும்புகிறார். பேச்சுத் திறமையும் கையெழுத்தும் எந்த அளவுக்கு வேலை செய்திருக்கின்றன பாருங்கள்.

நடுக்கடலில் 7 வருஷத் தண்டனை முடிந்தது. இனி நான் சுதந்திர மனிதன் என்று வாக்ஸ் விறைப்பு காட்ட, கிங் கடுப்பாகி அவரைச் சாதாரண மாலுமியாகப் பதிவு செய்துவிட்டார். கப்பல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் வாக்ஸ் அதிலிருந்து நழுவி ஓடினார். நேரே லண்டன், நேரே பழைய தொழில்.

1808 ஜூலையில் லண்டனில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருஷமே தூக்கு மேடை வாசல் வரை போய் வந்தார்.

பிக்காடிலி பகுதியில் ஒரு நகைக்கடை. வாங்க வந்தவர் போல உள்ளே போய், அது காட்டுங்க இது காட்டுங்க என்று கேட்டு, கடைக்காரர் கவனம் திரும்பும்போது நகையைக் கைக்குள் போட்டுக்கொள்வது. இதற்கு ஃபிளாஷ் பாஷையில் 'பின்ச்' என்று பெயர். பின்னாளில் தன் அகராதியில் இந்தச் சொல்லுக்கு வாக்ஸ் கொடுத்த விளக்கமும் ஏறக்குறைய இதே காட்சிதான். சொந்த அனுபவம், விளக்கம் துல்லியமாக இல்லாமல் எப்படி இருக்கும்?

1809 பிப்ரவரியில் ஜேம்ஸ் லோ என்ற பொய்ப் பெயரில் ஓல்டு பெய்லியில் நின்றார். மரண தண்டனை. பிறகு அது ஆயுள் முழுவதற்கான நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 'ரெட்ரிபியூஷன்' என்ற மிதக்கும் சிறைக் கப்பலில் அடைத்து வைத்து, 1810 டிசம்பரில் மறுபடி சிட்னியில் இறக்கினார்கள். ஏறக்குறைய நான்கு வருஷத்துக்கு முன் கவர்னரின் கப்பலில் கிளம்பிய அதே துறைமுகம்.

நிலக்கரிச் சுரங்கமும் ஒரு அகராதியும்

இரண்டாவது முறை வந்தும் அடங்கவில்லை. 1811-ல் காலனியின் தலைமை நீதி அதிகாரி எல்லிஸ் பென்ட்டிடமிருந்து திருடப்பட்ட பொருளை வாங்கிய வழக்கில் மாட்டினார். யார் வீட்டுப் பொருளில் கைவைப்பது என்ற விவஸ்தை கூட இல்லை! தண்டனையாக நியூகாசலுக்கு அனுப்பப்பட்டார்.

நியூகாசல் என்றால் கைதிகளுக்கே நடுக்கம். சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரம். கைதியாக வந்து, வந்த இடத்திலும் குற்றம் செய்தவர்களுக்கான இடம் அது. நிலக்கரி வெட்ட வேண்டும், சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்க வேண்டும், தேவதாரு மரம் அறுக்க வேண்டும்.

அங்கே கமாண்டன்ட்டாக இருந்தவர் லெப்டினன்ட் தாமஸ் ஸ்காட்டோ. அந்தச் சின்ன ஊருக்கு மாஜிஸ்திரேட்டும் அவரே. அவர் முன்னால் வரும் ஒவ்வொரு வழக்கிலும் ஃபிளாஷ் பாஷை வந்து விழும். வாக்ஸ் இதைக் கவனித்தார். கடும் உழைப்புக்கு நடுவே கிடைத்த ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து, அகர வரிசையில் சொற்களை எழுதத் தொடங்கினார். 1812 ஜூலை 5 தேதியிட்டு, ஸ்காட்டோவுக்கே அந்த அகராதியைச் சமர்ப்பித்தார். விசாரணைக்கு உபயோகப்படும், படிக்கவும் சுவாரசியமாக இருக்கும் என்கிற தொனியில் பணிவான முன்னுரை வேறு.

இங்கிலாந்தில் அதற்கு முன்பே கொச்சைச் சொல் அகராதிகள் உண்டு. 1785-ல் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் ஒன்றைப் போட்டிருந்தார். ஆனால் குரோஸ் வெளியே இருந்து கேட்டு எழுதியவர். வாக்ஸ் உள்ளே இருந்து எழுதியவர். அந்த வித்தியாசம் ஒவ்வொரு விளக்கத்திலும் தெரியும். ஒரு சொல்லை யார் யாரிடம், எப்போது, எந்தக் காரியத்துக்கு நடுவில் சொல்வார்கள் என்பது வரை வாக்ஸ் எழுதுகிறார்.

ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலிய மண்ணில் சொற்களைத் தொகுத்த முதல் ஆள் வாக்ஸ் இல்லை. 1790-91 காலகட்டத்திலேயே வில்லியம் டாஸ் என்ற அதிகாரி, பதியகராங் என்ற இளம்பெண்ணிடம் கேட்டுக் கேட்டு சிட்னி பகுதிப் பூர்வகுடிகளின் மொழியை நோட்டுகளில் எழுதி வைத்தார். அது அந்த மண்ணின் மொழி. வாக்ஸ் எழுதியது கப்பலில் வந்த மொழி.

அகராதிக்குள் என்ன இருக்கிறது?

சில சொற்களைப் பார்ப்போம். சில உங்களுக்கே தெரிந்தவை.

'கிட்'. இன்றைக்கு எல்லோரும் குழந்தையைச் சொல்லும் சாதாரண ஆங்கிலச் சொல். வாக்ஸ் கணக்கில் குழந்தைதான், ஆனால் குறிப்பாக, சின்ன வயதிலேயே திருடத் தொடங்கிய பையன்.

'வான்டட்'. டிவி செய்தியில் தினமும் வரும் 'தேடப்படும் குற்றவாளி'. ஒருவரைப் பிடிக்க போலீஸ் ரகசியமாக ஏற்பாடு செய்யும்போது, இன்னார் 'வான்டட்' என்பார்கள் என்று வாக்ஸ் விளக்குகிறார். தகவல் காதில் விழுந்ததும் சம்பந்தப்பட்டவர் கொஞ்ச நாள் தலைமறைவாக இருப்பது நல்லது என்றும் சேர்த்துச் சொல்கிறார். அகராதியா, அறிவுரையா!

'ட்ராப்'. பொறி என்று அர்த்தம் வரும் சொல், திருடர் வாயில் போலீஸ்காரர். சுமார் 40 வருஷம் கழித்து, 1850-களில் விக்டோரியாவின் தங்க வயல்களில் லைசென்ஸ் கேட்டுத் தொல்லை கொடுத்த போலீஸாரையும் தொழிலாளர்கள் இப்படியேதான் அழைத்தார்கள்.

'சம்' என்றால் கூடவே சிறையில் இருப்பவர். புதிதாக வந்தவர் 'நியூ சம்', பழைய ஆள் 'ஓல்டு சம்'. சிறையில் பிறந்த இந்த ஜோடி அப்படியே வெளியே வந்து, கப்பலில் புதிதாக வந்து இறங்கி எதுவும் தெரியாமல் முழிக்கும் குடியேறியைக் குறிக்கும் பெயராகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆஸ்திரேலியாவில், காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்த கனவான்களும் 'நியூ சம்'தான். கைதிக்கு வைத்த பெயரைத்தான் தன்னைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

'ஸ்கூல்' என்றால் பள்ளிக்கூடம் இல்லை, சூதாடக் கூடிய கூட்டம். இரண்டு காசைச் சுண்டிவிட்டு பூவா தலையா பார்க்கும் 'டூ-அப்' ஆட்டம் ஆஸ்திரேலியாவில் ரொம்பப் பிரபலம். போர் வீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25 ஆன்சாக் தினத்தன்று நியூ சவுத் வேல்ஸில் இதை ஆட சட்டமே அனுமதி கொடுத்திருக்கிறது. ஆடும் கூட்டத்துக்குப் பெயர் 'டூ-அப் ஸ்கூல்'.

'ரிட்ஜ்' என்றால் தங்கம். நம் பொற்கொல்லர்களின் 'பறி' மாதிரியே. பொன்னை வெளிப்படையாகப் பெயர் சொல்ல எந்த ஊரிலும் தயக்கம்தான் போல. அசல், போலி இல்லாதது என்ற அர்த்தத்தில் பழைய ஆஸ்திரேலியர்கள் சொல்லும் 'ரிட்ஜி டிட்ஜ்' இந்த வேரில் வந்தது என்பது அகராதி அறிஞர்கள் கருத்து.

'கேமன்' என்றால் பசப்பு, பொய் வேஷம். இதன் பயணம்தான் இருப்பதிலேயே விசித்திரம். இங்கிலாந்தில் பழசாகிப்போன இந்தச் சொல், இன்று ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பேசும் ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கிறது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்பதற்கு அவர்கள் 'கேமன்' என்பார்கள்.

பிறகு நம்ம 'ஸ்வாக்'. திருடர் மூட்டை என்ற அர்த்தம் மெல்லத் தேய்ந்து, வேலை தேடி ஊர் ஊராக நடந்த கூலித் தொழிலாளியின் படுக்கை மூட்டையைக் குறித்தது. அதைச் சுமந்தவர் 'ஸ்வாக்மேன்'. 1895-ல் பான்ஜோ பேட்டர்சன் எழுதிய 'வால்ட்சிங் மெட்டில்டா' பாட்டின் நாயகனும் ஒரு ஸ்வாக்மேன்தான். ஆஸ்திரேலியர்கள் தேசிய கீதம் போலவே பாடும் அந்தப் பாட்டில் அவர் ஒரு ஆட்டைத் திருடுகிறார் என்பதையும் கவனிக்க.

இந்தச் சொற்களை வாக்ஸ் உருவாக்கினார் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது தப்பு. சொற்கள் எல்லாம் லண்டன் தெருவில் ஏற்கெனவே இருந்தவை. அவர் எழுதி வைத்ததால், எந்தச் சொல் எந்த அர்த்தத்தோடு கைதிகள் காலத்தில் புழங்கியது என்று நமக்குத் தெரிகிறது. அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய விஷயம்.

காட்டிக்கொடுத்தாரா?

இன்னொரு சொல்லும் அந்த அகராதியில் இருக்கிறது: 'ஸ்னிட்ச்'. கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பது, அரசுத் தரப்பு சாட்சியாக மாறுவது. திருடர் உலகத்தில் இதை விடக் கேவலமான பட்டம் கிடையாது.

இதற்கு விளக்கம் எழுதும்போது வாக்ஸ் என்ன நினைத்திருப்பார்? தன் கூட்டத்தின் ரகசியச் சொற்களை வரிசைப்படுத்தி மாஜிஸ்திரேட் மேஜையில் வைக்கிறார். அந்த மேஜைக்கு முன்னால்தான் நாளைக்குக் கூட வேலை செய்த கைதி நிற்கப் போகிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கவில்லை, சரி. ஆனால் ஆட்கள் ஒளிந்திருந்த பாஷையைக் காட்டிக்கொடுத்துவிட்டார் அல்லவா?

மறுபக்கமும் உண்டு. பாஷை புரிந்தால் கைதி சொல்வதை நீதிபதி சரியாகக் கேட்கவும் முடியும். வாக்ஸ் அந்த நல்ல எண்ணத்தில் எழுதினாரா என்றால், அவர் வாழ்க்கையைப் பார்த்தால் நம்புவது கஷ்டம். மேலதிகாரிக்கு எது பிடிக்கும் என்று பார்த்து அதைச் செய்து கொடுப்பது அவருக்குக் கைவந்த கலை. கிங், மார்ஸ்டன், இப்போது ஸ்காட்டோ.

ஆனால் இந்த முறை கணக்கு உடனே பலிக்கவில்லை. மன்னிப்பு எதுவும் வரவில்லை. சிட்னிக்குத் திரும்பி வந்தவர், 1814 ஜனவரியில் 'ஏர்ல் ஸ்பென்சர்' என்ற கப்பலில் தப்பி ஓடப் பார்த்துப் பிடிபட்டார். கசையடி. திரும்பவும் நியூகாசல்.

சுயசரிதை எழுதிய கைதி

இரண்டாவது நியூகாசல் வாசத்தில் தன் வாழ்க்கைக் கதையையே எழுதி முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி நீதிபதி பாரன் ஃபீல்டின் முயற்சியால் லண்டன் போய், 1819-ல் 2 தொகுதிகளாக அச்சேறியது. அகராதியும் அதன் கடைசியில் சேர்க்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்ட முதல் முழுநீளச் சுயசரிதை என்று இதைச் சொல்கிறார்கள்.

படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை தேவை. புத்தகம் முழுக்க வாக்ஸ் ரொம்ப வருத்தப்படுகிறார், திருந்திவிட்டதாகச் சொல்கிறார். தன்னைப் பற்றித் தானே எழுதும் மோசடிப் பேர்வழியின் புத்தகம் அது. ஆனால் லண்டன் சந்துகள், மிதக்கும் சிறைக் கப்பல்கள், கைதிகளின் அன்றாடம் எல்லாம் உள்ளிருந்து பார்த்தவரின் கண்ணோடு இருப்பதால், வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள். 1964-ல் நோயல் மெக்லாக்லன் அதைப் பதிப்பித்து மறுபடி கொண்டுவந்தார். 2019-ல் அகராதியை மட்டும் சைமன் பர்னார்ட் படங்களோடு புத்தகமாக்கினார்.

புத்தகம் வந்த கையோடு நல்ல காலமும் வந்தது. 1820 ஜனவரியில் நிபந்தனையுடன் கூடிய மன்னிப்பு. காலனியைவிட்டு மட்டும் போகக் கூடாது. காலனி செயலாளர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஏற்கெனவே 1818-ல் நியூகாசலில் ஒரு அயர்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தார். வயது 37, எழுத்தாளர் என்ற பெயர், அரசு உத்தியோகம், குடும்பம். ஒரு சராசரிக் கதை இங்கே சுபம் போட்டிருக்கும்.

மூன்றாவது கப்பல்

1826-ல் கவர்னர் டார்லிங் காலத்தில் அந்த வேலை பறிபோனது. அடுத்த வருஷம் இன்னொரு கல்யாணம், சட்டப்படி செல்லாத கல்யாணம். 1829-ல், மன்னிப்பின் நிபந்தனையை மீறி ஆஸ்திரேலியாவைவிட்டே ஓடிப்போனார். அவர் விட்டுவிட்டுப் போன பெண்களின் பக்கத்தை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

1830 ஆகஸ்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் கள்ள நோட்டு மாற்றியதாகப் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டார். மறுபடியும் மரண தண்டனை, மறுபடியும் குறைப்பு: 7 வருஷம் நாடுகடத்தல். 1831-ல் மூன்றாவது முறையாக சிட்னி. அங்கே அவரைத் தெரியாத அதிகாரி உண்டா என்ன? அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய ஆயுள் தண்டனை உயிர்பெற்றது. போர்ட் மக்குவாரி என்ற தண்டனைக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார்.

1837-ல் சிட்னிக்குத் திரும்பி, ஒயின் வியாபாரி ஒருவரிடம் கிளார்க்காகச் சேர்ந்தார். வயது 55.

இதுவரை படித்துவிட்டு, கெட்டிக்காரத் திருடன், ஜாலியான ஆசாமி என்று ஒரு பிம்பம் மனசில் வந்திருந்தால், அடுத்த தகவல் அதை உடைக்கும். 1839-ல் 8 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்ட வழக்கில் கைதாகி, 2 வருஷச் சிறைத் தண்டனை பெற்றார். அவரைப் பற்றி எழுதும் பலர் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள், அல்லது சொல்லாமலே விட்டுவிடுவார்கள். கைக்குட்டைத் திருட்டு ஏழ்மையின் கதை, கள்ள நோட்டு பேராசையின் கதை என்று ஏதாவது சமாதானம் சொல்லலாம். இதற்கு அப்படி எதுவும் இல்லை.

1841-ல் விடுதலை ஆனார். அப்போது வயது 59. சிறை வாசலைத் தாண்டியதற்குப் பிறகு ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற பெயர் எந்தப் பதிவேட்டிலும் தென்படவில்லை. ஜேம்ஸ் லோ என்ற பெயரும் இல்லை.